இரண்டு வேறு, இரட்டை வேறு

ஆங்கில இலக்கணத்தின் சிக்கலான அத்தியாயம் ஒன்றைக் காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ள வேண்டுமா? தெருமுனை ஜெராக்ஸ் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

'டபுள் சைடா, சிங்கிள் சைடா?' என்று கேட்கிறான் கடைப் பையன். 'ரெண்டு பக்கமும் எடுப்பா' என்கிறார் பெரியவர். 'பேக் டு பேக் போடவா?' 'பின்னாடியும் வேணும்.' 'ஒரே சைடுல மேலயும் கீழயுமா வரணுமா, திருப்பினா வரணுமா?' பெரியவருக்குப் புரியவில்லை. 'பேங்க்ல கேட்டாங்க, எடுத்துக் கொடு தம்பி' என்று முடித்துக்கொள்கிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நெளிகிறார்கள்.

இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு ஆங்கில அடைமொழி: டபுள்-சைடட். இரண்டு புறமும் பயன்படக்கூடிய பொருளுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர். ஒட்டும் டேப், சீப்பு, கண்ணாடி, அச்சிட்ட தாள், பழைய ஃப்ளாப்பி, கிராமபோன் இசைத்தட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சின்னச் சொல்தான். ஆனால் இதைச் சரியாகச் சொல்லாததால் எத்தனையோ பேர் அரசு அலுவலகங்களில் இரண்டாவது முறை வரிசையில் நிற்கிறார்கள். அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் வால். கடைகளில் நாம் கேட்பது 'டபுள் சைடு டேப்'. அகராதியில் இருப்பது டபுள்-சைடட். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ட்' இறந்த காலம் அல்ல. யாரும் எதையும் 'சைடு' செய்துவிடவில்லை. இது பெயர்ச்சொல்லோடு சேர்ந்து 'அதை உடைய' என்று பொருள் தரும் விகுதி. தாடியை உடையவர் பியர்டட், நீலக் கண்களை உடையவள் ப்ளூ-ஐட், மூன்று காலை உடைய முக்காலி த்ரீ-லெக்ட். அந்த வரிசையில் இரட்டைப் புறத்தை உடையது டபுள்-சைடட். நடுவில் இருக்கும் சிறு கோடு, இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரே அடைமொழியாக வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். கோடு இல்லாவிட்டால் 'டபுள்' என்பது பக்கத்தைச் சேர்ந்ததா, டேப்பைச் சேர்ந்ததா என்று ஒரு விநாடி தயங்க நேரும்.

அப்படியானால் தமிழர்கள் ஏன் அந்த வாலை வெட்டிவிடுகிறோம்? அறியாமை என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. நம் மொழி 'உடைய' என்பதை மறைத்துப் பேசும் மொழி. 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன்னாலான வளையலை அணிந்த பெண் வந்தாள் என்று பொருள். 'அணிந்த' என்ற சொல்லும் இல்லை, 'பெண்' என்ற சொல்லும் இல்லை. பள்ளியில் அன்மொழித்தொகை என்று படித்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துபோன சமாசாரம். ஆனால் நாக்கு மறக்கவில்லை. ஒற்றைக்கண்ணன், நெட்டைக்கொம்பன், முக்காலி என்று சொல்லிப் பழகியவனுக்கு 'டபுள் சைடு டேப்' என்பது முழுமையான தொகைச்சொல். வால் அவனுக்கு உபரி.

கல்லூரி வட்டாரத்தில் புகழ்பெற்ற 'ஒன் சைடு லவ்'வும் இப்படிப் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் அது ஒன்-சைடட் லவ். நம் இளைஞர்கள் காதலியை இழந்ததோடு விகுதியையும் இழந்தார்கள்.

ஆங்கிலேயர்கள் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். ஐஸ்க்ரீம் ஒரு காலத்தில் ஐஸ்ட் க்ரீமாக இருந்தது. சொல்லச் சொல்ல வால் தேய்ந்து விழுந்துவிட்டது. பிரிட்டனில் ஸ்கிம்ட் மில்க் என்பதை அமெரிக்காவில் ஸ்கிம் மில்க் என்கிறார்கள். எனவே 'டபுள் சைடு' என்று கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பதில் அர்த்தமில்லை. எழுத்தில் வாலை வைத்துக்கொள்ளுங்கள், கடையில் விட்டுவிடுங்கள். டேப் எப்படியும் ஒட்டும்.

உண்மையான சிக்கல் வாலில் இல்லை, தலையில் இருக்கிறது. இரண்டு பக்கம்தானே, டூ-சைடட் என்று சொன்னால் என்ன?

சில இடங்களில் ஒன்றும் ஆகாது. பிரிண்டர் மென்பொருள்களில் டூ-சைடட் என்றும் பார்க்கலாம், டபுள்-சைடட் என்றும் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே வேலை. ஆங்கிலத்தில் இது கறாரான சட்டம் இல்லை, ஒரு சாய்வு. ஆனால் அந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பது கவனிக்கத் தக்கது. ஒன்று, இரண்டு என்ற எண்களை இதே 'சைடட்'டோடு சேர்த்தால் பொருள் பெரும்பாலும் கருத்துலகத்துக்குப் போய்விடுகிறது. ஒன்-சைடட் ரிப்போர்ட் என்றால் ஒருதலைப்பட்சமான அறிக்கை. சிங்கிள்-சைடட் ரிப்போர்ட் என்றால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சான அறிக்கை. முதலாவது நிருபர் மீதான குற்றச்சாட்டு, இரண்டாவது பிரிண்டர் பற்றிய தகவல். டூ-சைடட் என்றாலும் அப்படித்தான்: இரு தரப்பு உள்ள வழக்கு, இரு பக்கமும் நியாயம் உள்ள விவாதம் என்ற நினைவு கூடவே வந்து நிற்கும். டபுள்-சைடட் விவாதம் என்று யாரும் சொல்வதில்லை.

முகம் என்று வந்துவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம். டூ-ஃபேஸ்ட் என்று ஒரு மனிதரைச் சொன்னால் அவர் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பேசுகிறவர். டபுள்-ஃபேஸ்ட் என்பதிலும் அந்த நெடி உண்டு என்றாலும், ஜவுளிக் கடையில் அதைத் துணிக்குச் சொல்லலாம், துணி கோபித்துக்கொள்ளாது.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலை ஒரு பக்கம், தொப்பி மறு பக்கம். வலந்தலையில் நிரந்தரமான கருப்புச் சோறு. தொப்பியில் கச்சேரிக்கு முன் பிசைந்து அப்பி, முடிந்ததும் வழித்தெடுக்கிற ரவை. இரண்டு புறமும் வாசிப்பதற்காகவே செய்யப்பட்டவை, இரண்டின் நாதமும் வேறு. இந்த வாத்தியத்தை ஆங்கில இசை நூல்கள் டபுள்-ஹெடட் டிரம் என்று வர்ணிக்கின்றன. டூ-ஹெடட் என்றும் எழுதுவதுண்டு, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது எங்கேயோ பிறந்து பத்திரிகையில் படம் வந்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டிதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. 'டூ' என்பது எண்ணிக்கை, 'டபுள்' என்பது பெரும்பாலும் வேலை. உலகத்தில் உள்ள எந்தத் தாளுக்கும் இரண்டு பக்கம் உண்டு. அதைச் சொல்ல அடைமொழியே தேவையில்லை. இரண்டாவது பக்கமும் முதல் பக்கத்தைப் போல உழைக்கிறபோதுதான் டபுள்-சைடட் என்ற பட்டம் கிடைக்கிறது. செல்லோ டேப்புக்கும் இரண்டு பக்கம் உண்டு, ஒன்றுதான் ஒட்டும். டபுள்-சைடட் டேப்பில் இரண்டும் ஒட்டும். அதனால்தான் அதைச் சுருட்டி வைக்க நடுவில் ஒரு மெழுகுத் தாள் தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும்.

இரண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பழைய மரச் சீப்பில் ஒரு பக்கம் அகலப் பல், சிக்கெடுக்க. மறு பக்கம் நெருக்கப் பல், பேன் எடுக்க. சாணைக் கல்லில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் வழவழப்பு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் மஞ்சள் ஒரு காரியம், பச்சை ஒரு காரியம். எல்லாமே டபுள்-சைடட்தான். இரண்டாவது பக்கம் சும்மா இல்லை என்பதுதான் நிபந்தனை.

இதற்கு நெருங்கிய உறவுக்காரச் சொல் ஒன்று உண்டு: ரிவர்சிபிள். திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம் என்பது. சில மழைக்கோட்டுகள், படுக்கை விரிப்புகள் இந்த ரகம். வித்தியாசம் நுட்பமானது. ரிவர்சிபிள் பொருளில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் உலகத்துக்குத் தெரியும், எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம். மிருதங்கம் டபுள்-ஹெடட், ஆனால் ரிவர்சிபிள் அல்ல. திருப்பி வைத்துக்கொண்டு வாசித்தால் தனி ஆவர்த்தனம் தகராறில் முடியும்.

இந்தத் துறையில் இந்திய நெசவாளர்களும் தையல்காரர்களும் இலக்கண ஆசிரியர்களை முந்திவிட்டார்கள். காஷ்மீரில் தோருகா என்று ஒரு சால்வை வகை இருக்கிறது. 'தோ' என்றால் இரண்டு, 'ருக்' என்றால் முகம். இரண்டு முகத்திலும் வேலைப்பாடு சுத்தமாக இருக்கும், எது உள் எது வெளி என்று கண்டுபிடிக்க முடியாது. சாதாரண எம்பிராய்டரியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முன்னால் மயில் இருந்தால் பின்னால் நூல் முடிச்சுகளின் காடு இருக்கும். ஹிமாசலப் பிரதேசத்தின் சம்பா ருமால் என்ற துணியிலும் இதே தோருகாத் தையல்தான். ஊசி முன்னும் பின்னும் சரிசமமாகப் போய்வருவதால் கிருஷ்ணனும் கோபிகைகளும் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறார்கள்.

ஆனால் 'டபுள்' என்றதும் பக்கம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. குஜராத்தின் பட்டான் நகரத்துப் பட்டோலாவை ஆங்கிலத்தில் டபுள் இகத் என்கிறார்கள். அந்தப் புடைவையை இரு பக்கமும் உடுத்தலாம் என்பது உண்மை. ஆனால் பெயருக்குக் காரணம் அது இல்லை. பாவு நூலும் ஊடை நூலும் ஆக இரண்டுமே நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயமேற்றப்படுவதால் அங்கே இரட்டை. நம் ஊர்ப் பட்டில் ரெட்டைப்பேட்டு என்றால் சேலையின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டிலும் சமமான கரை. துணிக்கு முன்பக்கம், பின்பக்கம், மேல்கரை, கீழ்க்கரை, பாவு, ஊடை என்று எத்தனையோ ஜோடிகள் இருக்கின்றன. எந்த ஜோடி என்று சொல்லாத இரட்டை, பாதி வாக்கியம்தான்.

தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் பார்த்தாலும், இரண்டாவது பக்கம் சும்மா கிடப்பதைப் பொறுக்க முடியாத மனிதர்களின் கதையாகவே இருக்கிறது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான இசைத்தட்டுகளில் ஒரு பக்கம்தான் பாட்டு. சுமார் மூன்று நிமிடத்தில் ராகத்தை முடித்துவிட வேண்டும். மறு பக்கம் காலி. ஜெர்மனியைச் சேர்ந்த ஓடியன் நிறுவனம் 1904-இல் இரு பக்கமும் பதிந்த தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே அளவுத் தட்டு, இரண்டு மடங்கு சங்கீதம். பிறகு ஒரே பாட்டை முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று பிரித்து இரு புறமும் பதிவது சாதாரணமாகிவிட்டது. தட்டைத் திருப்பிப் போடுவதற்கு ஒருவர் எழுந்து போக வேண்டும் என்பதுதான் குறை.

கம்ப்யூட்டர் உலகம் இதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் ஃப்ளாப்பி ஒரு பக்கத்தில் மட்டும் எழுதும், கொள்ளளவு 160 கிலோபைட். மறு ஆண்டே இரு பக்கமும் எழுதும் டிரைவ் வந்து 320 ஆயிற்று. 1983-இல் 360. ஃப்ளாப்பி உறையின் மேல் டபுள்-சைடட் என்று அச்சடித்து விற்றார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் ஒரு பக்கம் படிக்கும் தலை மட்டுமே இருந்தது. சிக்கனக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஃப்ளாப்பியின் ஓரத்தில் இன்னொரு வெட்டுப் போட்டு, தோசை மாதிரி திருப்பிச் செருகினார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் செல்லப் பெயர் ஃப்ளிப்பி. இரண்டு பக்கமும் பயன்படுகிறது என்பது டிஸ்க்குக்குப் பொருந்தும், டிரைவுக்குப் பொருந்தாது. சொல் ஒன்றுதான், அதை எந்தப் பெயர்ச்சொல்லோடு கட்டுகிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது.

டிவிடியிலும் இதே கதை. ஒரு பக்கம், ஒரு அடுக்கு என்றால் 4.7 ஜிகாபைட். இரு பக்கமும் பதிந்தால் 9.4. ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்காகப் பதிந்தால் 8.5. முன்னது டபுள்-சைடட், பின்னது டூயல்-லேயர். முன்னதைத் திருப்பிப் போட வேண்டும், பின்னதைத் திருப்ப வேண்டாம். கடையில் 'டபுள்' என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும் என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

சரி, இசைத்தட்டும் ஃப்ளாப்பியும் பரண் ஏறிவிட்டன. காகிதம் ஏறவில்லை. அங்கேதான் இந்தச் சொல் பணமாகவும் மரமாகவும் மாறுகிறது.

நம் நீதிமன்றங்களில் வெகுகாலமாக நீளமான லீகல் அளவுத் தாளில், ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி இரட்டை இடைவெளி விட்டு மனுக்களைத் தட்டச்சு செய்வது வழக்கமாக இருந்தது. தட்டச்சு இயந்திரக் காலத்தில் அதற்கு நியாயம் உண்டு. எழுத்துக் கட்டை ஓங்கி அடித்த அடி, பின்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். லேசர் பிரிண்டர் வந்த பிறகும் வழக்கம் மட்டும் அப்படியே நின்றது. 2020 மார்ச் 5 தேதியிட்ட சுற்றறிக்கையில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. ஏப்ரல் 1 முதல் ஏ4 தாள், 75 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கனம், தாளின் இரு புறமும் அச்சு, 14 அளவு எழுத்து, ஒன்றரை இடைவெளி. இடது வலது ஓரங்களில் 4 சென்டிமீட்டர், மேலும் கீழும் 2 சென்டிமீட்டர்.

இந்த உத்தரவில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, கனத்தைச் சொல்லியிருப்பது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் நிழலாடும், இரண்டு பக்கமுமே படிக்க முடியாமல் போகும். தாளுக்குத் தாங்கும் சக்தி இருந்தால்தான் அது டபுள்-சைடட் ஆக முடியும். இரண்டு, வாசகம். டபுள்-சைடட் தாள் என்று அடைமொழி போட்டு எழுதாமல், 'தாளின் இரு புறங்களிலும் அச்சிடுவது' என்று செயலாகச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள இடமில்லை. நூறு பக்க மனு ஐம்பது தாளில் அடங்கும். வாதி, பிரதிவாதி, நீதிபதிகள் என்று எத்தனை பிரதி உண்டோ அத்தனைக்கும் அந்தப் பாதி மிச்சம்.

அச்சிடும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. இரு புறமும் என்று கட்டளை கொடுத்ததும், நீள விளிம்பில் திருப்பவா, குறுகிய விளிம்பில் திருப்பவா என்று கம்ப்யூட்டர் திருப்பிக் கேட்கும். பலர் எதையோ தட்டிவிட்டு, வந்த பிறகு தலையில் கை வைக்கிறார்கள். புத்தகம் போல இடமிருந்து புரட்டுவது என்றால் நீள விளிம்பு. சுவரில் மாட்டிய காலண்டர் போல மேலே தூக்கிப் புரட்டுவது என்றால் குறுகிய விளிம்பு. நிமிர்ந்த தாளில் மாற்றிக் கொடுத்தால் இரண்டாம் பக்கம் சிரசாசனம் செய்யும். பக்கம் இரண்டும் உழைத்தால் போதாது, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உழைக்க வேண்டும்.

இப்போது ஜெராக்ஸ் கடைப் பெரியவரிடம் வரலாம். அவர் கையில் இருப்பது ஆதார் அட்டை. முன்பக்கம் பெயர், பிறந்த தேதி, படம், எண். பின்பக்கம் முகவரி. முகவரிச் சான்றாக அதைக் கேட்கிற இடத்தில் முன்பக்க நகலை மட்டும் கொடுத்தால், கேட்ட விஷயத்தைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். விண்ணப்பம் திரும்பி வரும். சென்னையில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் அரைநாள் கூலி போகும்.

பையன் கேட்ட கேள்வியில் குழப்பம் எங்கே? 'டபுள் சைடு' என்பது மூலத்துக்கா, நகலுக்கா? அட்டை டபுள்-சைடட், அதன் இரு புறமும் தகவல் இருக்கிறது. நகல் அப்படி இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. சொல்லப்போனால் பெரும்பாலான அலுவலகங்களுக்கு வேண்டியது, அட்டையின் இரு புறமும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக. கோப்பில் குத்தி வைத்த பிறகு யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா?

இந்த விஷயத்தில் மனிதர்களைவிட ஜெராக்ஸ் இயந்திரம் தெளிவானது. அதன் பொத்தான்களில் இரண்டு எண்களும் நடுவில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. இடது எண் மூலத்தின் புறங்கள், வலது எண் நகலின் புறங்கள். ஒரே அடைமொழியைக் கொண்டு நாம் கேட்பது ஒரு கேள்வி, இயந்திரம் கேட்பது இரண்டு. பெரியவருக்கு வேண்டியது இருபுற மூலத்தை ஒரே பக்கத்தில் தருகிற நகல். 'டபுள் சைடு கொடுங்கள்' என்று சொன்னால் அவருக்குக் கிடைப்பது வேறு.

பின்பக்கத்தை விட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாபிரஸ் துண்டு பாதுகாக்கப்படுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் எழுதியது. 1985-இல் அறிஞர்கள் பதிப்பித்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் ஒரு கடன் ஒப்பந்தம். சரக்கைச் செங்கடல் துறைமுகத்திலிருந்து பாலைவனம் கடந்து, நைல் நதி வழியாக அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. அதில் ஓர் ஊர்ப் பெயர் வருகிறது: சேர நாட்டு முசிறி. திருப்பிப் பார்த்தால் மறு பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குப் பட்டியல். கங்கைக் கரை நார்த்தம் என்ற வாசனைப் பொருள், யானைத் தந்தம், அவற்றின் எடை, விலை மதிப்பு.

முதல் பக்கம் மட்டும் கிடைத்திருந்தால், முசிறியோடு யாரோ வியாபாரம் செய்தார்கள் என்ற அளவில் நின்றிருக்கும். என்ன சரக்கு, எவ்வளவு பெறுமானம் என்று தெரிவது பின்பக்கத்தால்தான். ஓர் எழுத்தர் தாளைத் திருப்பி மறுபடி உபயோகித்ததால், தமிழகத்தின் கடல் வணிகத்துக்குக் கணக்கோடு ஒரு சான்று கிடைத்தது. பின்பக்கம் என்பது எப்போதும் உபரி அல்ல.

கடைசியாக, தமிழில் இதற்கு என்ன சொல்வது? அகராதிக்காரர்கள் உடனே எடுத்துத் தருவது 'இருபக்க' என்ற சொல். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் பக்கம் என்றால் புறம் என்றும் பொருள், புத்தகத்தின் பக்கம் என்றும் பொருள். 'இருபக்கக் கட்டுரை' என்றால் இரண்டு பக்க நீளமுள்ள கட்டுரை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரே தாளில் முன்னும் பின்னும் இருக்கலாம், இரண்டு தாளிலும் இருக்கலாம். இந்த மயக்கம் பழைய ஓலைச்சுவடிக்கு இல்லை. ஓலையின் இரு புறமும் எழுதினார்கள், ஆனால் எண் போட்டது ஏட்டுக்கு. அச்சுப் புத்தகம் வந்துதான் ஒவ்வொரு புறத்துக்கும் தனி எண் கொடுத்து, பக்கம் என்ற சொல்லுக்கு இரட்டைச் சுமை ஏற்றியது.

அதனால் 'இருபுற' என்பது பாதுகாப்பானது. இருபுற நகல், இருபுற அச்சு, இருபுறம் ஒட்டும் டேப். 'இரட்டை' என்பதை எட்டி நிற்கச் சொல்லலாம். ஆங்கில 'டபுள்' உழைப்பைச் சொல்கிறது என்றால் தமிழ் இரட்டை ஜோடியைச் சொல்கிறது. இரட்டைக் குழந்தை, இரட்டை மாட்டு வண்டி. இரட்டை வேடம் என்று ஆளைச் சொன்னால் வம்பு, நடிகரைச் சொன்னால் விளம்பரம். 'இருதலை' என்பதையும் தொட வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஒரு கொள்ளிக்கட்டையும் ஓர் எறும்பும் அவதிப்பட்டுக்கொண்டிருக்கின்றன. தலைகளைக் குறைத்து ஒருதலை என்றால் நேராகக் கைக்கிளைக்குப் போய்விடுவோம்.

வாளுக்கு மட்டும் தனிச் சொல் உண்டு. டபுள்-எட்ஜ்ட் என்பதைப் பத்திரிகைகள் இருமுனைக் கத்தி என்று எழுதிப் பழக்கிவிட்டன. முனை என்பது குத்துகிற நுனி, வெட்டுகிற விளிம்பு அல்ல. இரண்டு முனை உள்ள கத்திக்குப் பிடி எங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. விளிம்பின் கூருக்குத் தமிழில் 'கருக்கு' என்ற பழைய சொல் இருக்கிறது. தமிழ் விவிலியம் வாளுக்கு அதைப் பயன்படுத்துகிறது. பனை மட்டையின் இரு ஓரத்திலும் ரம்பம் போல இருக்கிறதே, அதுவும் கருக்குதான். 1992-இல் பாமா தன் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தபோது, பனங்காட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. எப்படிப் பிடித்தாலும் கையைக் கிழிக்கும்.

ஆனால் நல்ல கலைச்சொல் கிடைத்துவிட்டால் மட்டும் பெரியவரின் பிரச்னை தீர்ந்துவிடாது. விண்ணப்பப் படிவங்களையும் அறிவிப்புப் பலகைகளையும் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழோ, இந்தியோ, ஆங்கிலமோ, அடைமொழியை நம்பாதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். 'இருபக்க நகல் இணைக்கவும்' என்பது நான்கு பேருக்கு நான்கு விதமாகப் புரியும். 'அட்டையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் நகல் எடுத்து இணைக்கவும்' என்பது எல்லோருக்கும் ஒரே விதமாகப் புரியும். பலகையில் ஒரு வரி கூடும். வாசலில் வரிசை குறையும்.